கிளக்ஸ்டன்: பதக்கங்களை ஒதுக்கிவைத்த பிறகு

அயர்லாந்தில் ஸ்டீபன் கிளக்ஸ்டனைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது ஒரே எண்ணில் தொடங்கி அந்த எண்ணிலேயே முடிந்துவிடுகிறது: ஒன்பது. ஆண்கள் கேலிக் கால்பந்தில் அகில அயர்லாந்துப் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர்கள் மூன்றே பேர். கிளக்ஸ்டன், ஜேம்ஸ் மெக்கார்த்தி, மைக்கேல் ஃபிட்ஸ்சிமன்ஸ். மூவரும் டப்ளின்காரர்கள். 2023 ஜூலை 30 அன்று கெர்ரியை 1-15க்கு 0-16 என்று வென்றபோது மூவரும் ஒன்றாக அந்த எண்ணைத் தொட்டார்கள். அதுவரை எட்டுதான் உச்சம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆடிய கெர்ரி அணியின் பேட் ஸ்பில்லேன், பாடி ஓ ஷே உள்ளிட்ட ஐந்து பேர் வைத்த எல்லை அது. அன்று கிளக்ஸ்டனுக்கு வயது 41.

பதக்கத்தை எண்ணித் தரம் சொல்வது எளிது. அதனாலேயே அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே அணியில் மூன்று பேருக்கு ஒன்பது என்றால் அந்த எண் அணியின் கதையைச் சொல்கிறதே தவிர ஆளின் கதையைச் சொல்லவில்லை. ஆகவே பதக்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு ஒன்றைக் கேட்க வேண்டும். கோல் கம்பத்தடியில் நின்ற இந்த மனிதர் இல்லாவிட்டால் டப்ளின் எவ்வளவு இழந்திருக்கும்? அதைவிட முக்கியமாக, கேலிக் கால்பந்து என்னும் ஆட்டம் எவ்வளவு வேறாக இருந்திருக்கும்?

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்திக் கொடுக்கலாம், உதைக்கலாம். கோல் கம்பங்கள் ரக்பியில் போல மேலே நீண்டிருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி; மேலே போனால், 2024 வரை, எங்கிருந்து அடித்தாலும் ஒரு புள்ளி. ஸ்கோரை 1-12 என்று எழுதினால் ஒரு கோலும் பன்னிரண்டு புள்ளியும், அதாவது பதினைந்து. ஆடுபவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. கிளக்ஸ்டனே பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பிறந்த ஊர் அல்லது வாழும் ஊர் எதுவோ அந்தக் கவுண்டிக்குத்தான் ஆடுவார்கள். ஆளை விலைக்கு வாங்கும் சந்தை இல்லை. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் 82,300 பேர் உட்கார்ந்து பார்ப்பது சம்பளமில்லாதவர்களின் ஆட்டத்தைத்தான். 1884இல் தொடங்கப்பட்ட ஜிஏஏ என்ற சங்கம் இன்றுவரை அந்த விதியைக் கைவிடவில்லை.

இந்த ஆட்டத்தில் புள்ளி விழுந்த பிறகோ, எதிரணி அடித்த பந்து கோல் பக்க எல்லையைத் தாண்டிப் போன பிறகோ, கோல்கீப்பர் பந்தை மீண்டும் களத்துக்குள் உதைப்பார். இதுதான் கிக்-அவுட். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஓர் ஆட்டத்தில் நாற்பது, ஐம்பது முறை இது நடக்கும். நூறாண்டுக்கு மேலாக இதன் இலக்கணம் ஒன்றுதான்: முடிந்த அளவு உயரமாக, முடிந்த அளவு தூரமாக நடுக்களத்துக்கு அடி. அங்கே எட்டுப் பத்துப் பேர் கூடி எம்புவார்கள். கை நீண்டவன் பிடிப்பான், இல்லையென்றால் பந்து சிதறும். வாலென்ஷியா தீவிலிருந்து படகேறி வந்து கெர்ரிக்கு ஆடிய மிக் ஓ'கானல் அப்படி வானத்தில் பந்தைப் பிடித்தே காவியமானவர். பார்க்க அழகுதான். ஆனால் கணக்காகப் பார்த்தால் ஒவ்வொரு கிக்-அவுட்டும் ஒரு டாஸ். கையில் இருந்த பந்தை அணியே முன்வந்து காற்றில் சுண்டிவிட்டு, தலையா பூவா என்று காத்து நின்றது.

கிளக்ஸ்டன் செய்த காரியம் இந்த டாஸை ஒழித்தது.

பழைய ஒளிப்பதிவுகளில் அதைத் தெளிவாகக் காணலாம். எதிரணி ஒரு புள்ளி போடுகிறது. கம்பத்தடியில் வெள்ளை அங்கி போட்ட நடுவர் குனிந்து வெள்ளைக் கொடியை எடுக்கிறார். புள்ளி போட்டவன் முஷ்டியை உயர்த்தி அரைவட்டமாகத் திரும்புகிறான். அதற்குள் கிளக்ஸ்டன் அடுத்த பந்தைக் கீழே வைத்தாகிவிட்டது. தலை ஒருமுறை நிமிர்கிறது. இடது காலால் ஓர் அடி. உயரம் இல்லை, தட்டையாக, தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் பாய்கிறது. பந்து போகும் இடத்தில் அந்த நொடியில் யாரும் இல்லை. பக்கக் கோட்டை ஒட்டி வளைந்து ஓடிவரும் டப்ளினின் பால் ஃபிளின், ஓட்டத்தைக் குறைக்காமலே அதை நெஞ்சில் வாங்குகிறார். கொடி அப்போதுதான் கீழே இறங்குகிறது. எதிரணியில் பாதிப் பேர் டப்ளினின் கோல் பக்கம் முகம் காட்டியபடி இருக்க, பந்து அவர்களுக்குப் பின்னால் போயிருக்கும்.

இங்கே ஒரு சிறு நியாயம் சொல்ல வேண்டும். குட்டையாகவும் குறிவைத்தும் பந்தைக் கொடுக்கும் யோசனையை முதலில் கண்டவர் கிளக்ஸ்டன் அல்ல. சகோதர ஆட்டமான ஹர்லிங்கில் கார்க் அணியின் டோனல் ஓக் கியூசாக் 2000களின் தொடக்கத்திலேயே அதைச் செய்து, ஊராரிடம் திட்டும் வாங்கினார். கிளக்ஸ்டனின் பங்கு யோசனையில் இல்லை. அந்த யோசனையைத் தாங்கும் காலில் இருக்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆளுக்குத் தட்டிவிடுவது எல்லோருக்கும் வரும். ஐம்பது மீட்டர் தொலைவில், இரண்டு எதிராளிகளுக்கு நடுவே, ஓடிக்கொண்டிருக்கும் ஒருவனின் நெஞ்சுக்கு வைப்பது வேறு. அதை எழுபது நிமிடமும், இருபது ஆண்டும் செய்தவர் அவர்.

முதல் பத்தாண்டை அவருடைய ரசிகர்கள் விரைவாகக் கடந்துவிடுவார்கள். நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். 2001இல் டப்ளின் அணிக்குள் வந்தார். அடுத்த ஆண்டே நாட்டின் சிறந்த கோல்கீப்பருக்கான ஆல் ஸ்டார் விருது. 2003இல் ஆர்மாவுக்கு எதிராக ஸ்டீவன் மெக்டானலைக் காலால் உதைக்கப் போய்ச் சிவப்பு அட்டை வாங்கினார். முன்னிலையில் இருந்த டப்ளின் அந்த ஆட்டத்தைத் தோற்றது. 2009 காலிறுதியில் கெர்ரி 1-24, டப்ளின் 1-7; பதினேழு புள்ளி வித்தியாசம். 2010இல் மீத் அணி அவர் வலைக்குள் ஐந்து கோல் போட்டது. இத்தனைக்கும் கோல்கீப்பர் அதே கிளக்ஸ்டன், இடது காலும் அதே கால்தான். அப்படியானால் கோல்கீப்பர் மட்டும் கோப்பையைக் கொண்டுவருவதில்லை. பயிற்சியாளர் பேட் கில்ராய், பந்து புறப்படும் முன்பே யார் எங்கே ஓட வேண்டும் என்று பழக்கிய பிறகுதான் அந்தக் கால் ஆயுதமானது. வாங்க ஆள் ஓடாவிட்டால் துல்லியத்துக்கு வேலை இல்லை.

2011 இறுதிப் போட்டி எல்லோரும் அறிந்தது. ஏழு நிமிடம் மீதமிருக்கும்போது கெர்ரி நான்கு புள்ளி முன்னால். கெவின் மெக்மனமன் ஒரு கோல் போட்டார், சமன் ஆனது, கடைசி நிமிடங்களில் 1-11க்கு 1-11. டப்ளினுக்கு ஒரு ஃப்ரீ கிக். நாற்பது மீட்டருக்குக் குறையாத தூரம். கோலை விட்டு வெளியே வந்து மெதுவாக ஓடிப்போன கிளக்ஸ்டன் பந்தை வைத்து, அடித்து, அது கம்பங்களுக்கு நடுவே போகிறது என்று தெரிந்ததும் திரும்பித் தன் இடத்துக்கு ஓடினார். 1995க்குப் பிறகு டப்ளினின் முதல் பட்டம். இந்த ஒரு உதையை வைத்தே அவரைப் புகழ்பவர்கள் உண்டு. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரது வாழ்க்கையை எடைபோடுவதற்கு இது தவறான சாட்சி. ஃப்ரீ கிக்கைச் சரியாக அடிக்கக்கூடியவர்கள் கெர்ரியிலும் இருந்தார்கள், டிரோனிலும் இருந்தார்கள். கிளக்ஸ்டனின் தனித்தன்மை யாரும் கைதட்டாத அந்த முப்பதாவது நிமிடத்துக் கிக்-அவுட்டில்தான் இருக்கிறது.

அவருக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் கனமானது பணமும் மக்கள்தொகையும். டப்ளின் கவுண்டியில் 14 லட்சத்துக்கு மேல் மக்கள். மேயோவிலும் கெர்ரியிலும் தலா ஒன்றரை லட்சத்தை ஒட்டியே. சிறுவர்களைப் பயிற்றுவிக்க ஜிஏஏ ஒதுக்கிய வளர்ச்சி நிதி 2000களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் மற்றக் கவுண்டிகளைவிட டப்ளினுக்குப் பல மடங்கு போனது. முக்கிய ஆட்டங்கள் எல்லாம் சொந்த ஊர் மைதானத்தில். 2015இல் வந்த பிரையன் ஃபென்டன் என்ற நடுக்கள வீரர் 2021 வரை சாம்பியன்ஷிப்பில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இவ்வளவு இருந்தால் கம்பத்தடியில் யாரை நிறுத்தினாலும் கோப்பை வந்திருக்கும் என்பது வாதம்.

இதில் பாதி உண்மை. 2018இல் டிரோனை ஆறு புள்ளியில், 2020இல் மேயோவை ஐந்து புள்ளியில் வென்ற அணிக்குக் கிளக்ஸ்டன் அவசியமா என்றால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் மீதிப் பட்டங்களைப் பாருங்கள். 2011: ஒரு புள்ளி. 2013: மேயோவை 2-12க்கு 1-14 என்று, ஒரு புள்ளி. 2016: முதலில் சமன், மறு ஆட்டத்தில் ஒரு புள்ளி. 2017: மீண்டும் மேயோ, மீண்டும் ஒரு புள்ளி. ஒன்பதில் நான்கு பட்டம் ஒற்றைப் புள்ளியில் வந்தவை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் பந்து யார் கையில் தொடங்குகிறது என்பதே தீர்ப்பு. ஒற்றைப் புள்ளி வெற்றிகள் அதிர்ஷ்டத்துக்கும் சாட்சி சொல்லும் என்று ஒருவர் மறுக்கலாம், நியாயமான மறுப்பு. மேயோக்காரர்களைக் கேட்டால், 1951க்குப் பிறகு கோப்பையைக் காணாத அவர்கள், இன்னும் காரமாகவே சொல்வார்கள்.

அவர் இல்லாதபோது என்ன ஆனது என்று பார்த்து இதைத் தீர்க்கலாமே என்று தோன்றும். இயற்கையே ஒரு பரிசோதனை நடத்தியிருக்கிறது. 2021இலும் 2022இலும் அவர் அணியில் இல்லை; ஓய்வு என்ற அறிவிப்புகூட இல்லாமல் வராமல் இருந்துவிட்டார். டப்ளின் இரு முறையும் அரையிறுதியில் தோற்றது. 2021இல் கூடுதல் நேரத்தில் மேயோவிடம், 2022இல் ஒரே புள்ளியில் கெர்ரியிடம். 2023இல் திரும்பி வந்தார்; கோப்பையும் திரும்பி வந்தது. கேட்க அழகான கதை. ஆனால் அதே ஆண்டுதான் ஜாக் மெக்காஃப்ரியும் பால் மேனியனும்கூட அணிக்குத் திரும்பினார்கள். 2024இல் கிளக்ஸ்டன் இருந்தும் கால்வேயிடம் காலிறுதியில் ஒரு புள்ளியில் தோற்றார்கள். ஆகவே இந்தப் பரிசோதனை எதையும் நிரூபிக்கவில்லை. அவர் இல்லாத டப்ளினும் வலிமையான அணிதான், அவர் இருந்தால் கொஞ்சம் கூடுதல் வலிமை. அதற்கு மேல் இந்தச் சாட்சியிலிருந்து பிழிய முடியாது.

வலுவான சாட்சி வேறிடத்தில், எதிராளிகளின் முகாமில் கிடைக்கிறது. 2016 இறுதியின் மறு ஆட்டம், அக்டோபர் 1. மேயோவின் கோல்கீப்பர் டேவிட் கிளார்க். பாய்ந்து தடுப்பதில் அந்த ஆண்டு அவருக்கு நிகர் இல்லை. பின்னர் ஆல் ஸ்டார் விருதும் அவருக்கே போனது. ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் ஸ்டீபன் ரோச்ஃபோர்ட் அவரை வெளியே உட்காரவைத்து ராபர்ட் ஹென்னலியைக் கொண்டுவந்தார். காரணம் ஒன்றுதான்: ஹென்னலியின் கிக்-அவுட் நீளம். இரண்டாம் பாதியில் உயர வந்த ஒரு சாதாரணப் பந்தை ஹென்னலி கையிலிருந்து நழுவவிட்டார். அதைத் தாவி எடுத்த டப்ளினின் பேடி ஆண்ட்ரூஸை இழுத்தார். பெனால்டி, ஹென்னலிக்குக் கறுப்பு அட்டை, வெளியேற்றம். குளிர்ந்த உடம்போடு பெஞ்சிலிருந்து எழுந்து வந்த கிளார்க்கின் முதல் வேலை டெர்மட் கானலியின் பெனால்டியை எதிர்கொள்வது. வலைக்குள் போனது. மேயோ தோற்றது ஒரு புள்ளியில்.

நாட்டிலேயே சிறந்த தடுப்பாளரை ஓர் அணி இறுதிப் போட்டியன்று தானே கழற்றிவைத்தது என்றால், கோல்கீப்பர் என்ற வேலையின் பொருளே மாறிவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றியவர் எதிர்ப்பக்கக் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ரோச்ஃபோர்டின் முடிவு முட்டாள்தனம் என்று அன்று எல்லோரும் ஏசினார்கள். எனக்கு அது பயத்தின் முடிவாகத் தெரிகிறது. ஒரு வீரனின் செல்வாக்கை அளக்க அவனைக் கண்டு எதிராளி செய்துகொண்ட தவறைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தடுப்பாட்டத்தை மட்டும் தனியே எடுத்து எடைபோட்டால் அவர் முதல் வரிசையில் இருக்கிறார், முதலிடத்தில் இல்லை. 2019 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் கெர்ரியின் பால் கீனி அடித்த பெனால்டியைத் தடுத்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்டம் 1-16க்கு 1-16 என்று சமனில் முடிந்தது, டப்ளின் பாதிக்கு மேல் பதினான்கு பேரோடு ஆடியது, அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் தொடர்ந்து ஐந்தாவது பட்டம் என்ற பேச்சே இல்லை. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஆனாலும் அருகிலிருந்து வரும் அடிகளைத் தடுப்பதில் கிளார்க்கை அவருக்கு ஒரு படி மேலே வைப்பேன். ரசிகர்கள் ஒப்ப மாட்டார்கள்.

அவரை உடைத்தவர்கள் யார்? இதை ஆராயாமல் தீர்ப்பு எழுத முடியாது. 2014 அரையிறுதியை உடனே காட்டுவார்கள்; டோனிகால் 3-14, டப்ளின் 0-17, டோனிகால் பயிற்சியாளர் ஜிம் மெக்கினஸின் திட்டம். அந்தத் தோல்வியை அவர் தலையில் கட்டுவது தவறு. டப்ளின் மொத்தமாக முன்னேறி அழுத்திக்கொண்டிருந்தபோது டோனிகால் அந்த அழுத்தத்தைத் தாண்டிப் பந்தை அனுப்பியது; பின்னால் ஆளே இல்லை; மூன்று முறை கிளக்ஸ்டன் அனாதையாக நின்றார். அது அணி அமைப்பின் ஓட்டை. உண்மையான விரிசல் 2016 அரையிறுதியில் தெரிந்தது. முதல் பாதியின் கடைசிக் கட்டத்தில் கெர்ரி தன் ஆட்களை டப்ளின் பின்வரிசைமீது ஆளுக்கு ஆள் ஒட்டவைத்தது. வழக்கமான கதவுகள் எல்லாம் அடைபட்டன. கிளக்ஸ்டனின் பந்துகள் கெர்ரி கைகளுக்குப் போயின. ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்த டப்ளின், இடைவேளைக்கு ஐந்து புள்ளி பின்னால் போனது. 2018 இறுதியிலும் டிரோன் அதே முறையில் தொடங்கி 0-5க்கு 0-1 என்று முன்னே போனது. அழுத்தம் வந்தால் முதலில் அவரும் தடுமாறுகிறார். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் உதை அரை நொடி தாமதமாகிறது, அந்த அரை நொடியில் இடைவெளி மூடிவிடுகிறது.

இருந்தும் இரண்டு ஆட்டங்களையும் டப்ளின்தான் வென்றது. காரணம் மந்திரம் அல்ல. எதிரணி ஆளுக்கு ஆள் ஒட்டி நின்றால் அதன் பின்புறம் வெறுமையாகிறது. அப்போது அவர் ஃபென்டனின் தலைக்கு நீளமாக அடிப்பார். எழுபது நிமிடமும் அப்படி ஓடி ஒட்ட எந்த அணிக்கும் மூச்சு இல்லை. கால்மணி நேரம் முடிந்தது, அதற்குமேல் முடியவில்லை. ஆக, அவரை முறியடிக்கும் சூத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கடைசிவரை தாங்கும் உடம்புதான் எவருக்கும் இல்லை. இதை அவருடைய பலவீனம் என்று எழுதுவதா பலம் என்று எழுதுவதா என்றால், பலம் என்றே எழுதுவேன். கூடவே ஃபென்டனின் உயரத்துக்கும் அதில் பங்கு கொடுப்பேன்.

கடைசிக் குற்றச்சாட்டு அழகியல் சார்ந்தது. கிளக்ஸ்டன் ஆட்டத்தைக் கெடுத்தார் என்கிறார்கள். உயரப் பந்தைப் பிடிக்கும் கலை செத்தது, நடுக்களம் பொட்டலானது, கோல்கீப்பர் பக்கத்திலிருப்பவனுக்குத் தட்ட, அவன் இன்னொருவனுக்குத் தட்ட, பந்து பக்கவாட்டில் நத்தையாக நகரும் சலிப்பு வந்தது. 2010களின் பிற்பாதி ஆட்டங்கள் சிலவற்றைப் பார்த்தவர்கள் இதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பழி யாருக்கு? 2011 அரையிறுதியில் டப்ளின் 0-8, டோனிகால் 0-6 என்று முடிந்த அந்த வறட்டு ஆட்டத்தில் முழு அணியையும் பந்துக்குப் பின்னால் இறக்கியது டோனிகால். எதிரணி முன்னே வராதபோது கோல்கீப்பர் குட்டையாகக் கொடுக்காமல் வேறென்ன செய்வார்? சலிப்பின் வேர் அந்தப் போர்வைத் தடுப்பில் இருக்கிறது.

கிளக்ஸ்டனைப் பின்பற்றியவர்கள் அவரிடமிருந்து பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் வாதம். அவருடைய உதையில் பாதுகாப்பும் இருந்தது, தாக்குதலும் இருந்தது. கொடி இறங்குமுன் பந்து பறந்தது எதிராளி ஒழுங்குக்கு வருமுன் முன்னேறத்தான். மற்றவர்கள் வேகத்தை விட்டுவிட்டு, பாதுகாப்பை மட்டும் நகலெடுத்தார்கள். எதிராளி முழுதாகப் பின்வாங்கி அடுக்கி நிற்கும்வரை காத்திருந்து, பிறகு பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டினார்கள். அதிலும் தவறினால் விலை பெரிது. 2014இல் டப்ளினைச் சாய்த்த அதே டோனிகால், கெர்ரியுடனான இறுதியில் தன் கோல்கீப்பர் பால் டர்கனின் ஒரு குட்டையான கிக்-அவுட்டைக் கீரன் டானகியின் கையில் கொடுத்துவிட்டது. டானகி அதைக் கோலாக்கினார். கெர்ரி வென்றது மூன்று புள்ளியில், அதாவது சரியாக ஒரு கோலில். அந்த யோசனை அந்தக் கால் இல்லாமல் இயங்காது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் சங்கம் விதியைத்தான் மாற்றியது. 2017இல் 45 மீட்டர் கோட்டுக்கு அப்பால் கிக்-அவுட்டைச் சுத்தமாகப் பிடித்தால் ஃப்ரீ கிக் என்ற சலுகை வந்தது; நீள உதைக்கு ஒரு லஞ்சம். அது போதவில்லை. 2024இல் ஜிஏஏ ஒரு மறுபரிசீலனைக் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 2025 முதல் கிக்-அவுட் 40 மீட்டர் வளைவைத் தாண்டியே ஆக வேண்டும். குழுவின் தலைவர் யார் தெரியுமா? 2013 முதல் 2019 வரை டப்ளினுக்கு ஆறு பட்டம் வாங்கித் தந்த ஜிம் கேவின். கிளக்ஸ்டனின் காலால் மிக அதிகம் பலனடைந்த பயிற்சியாளர். உறுப்பினர்களில் அந்தக் காலால் தோற்ற கெர்ரியின் எமன் ஃபிட்ஸ்மாரிஸ், மேயோவின் ஜேம்ஸ் ஹோரன். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சுவைத்தவரும் பட்டவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். முடிவு நல்லதுதான், நடுக்களத்தில் மறுபடி ஆட்கள் எம்புகிறார்கள். அதைக் கிளக்ஸ்டனுக்கு எதிரான தீர்ப்பு என்று படிப்பவர்கள் விதியைச் சரியாகப் படிக்கவில்லை. தடைசெய்யப்பட்டது பக்கத்திலிருப்பவனுக்குத் தட்டுவது. வளைவுக்கு அப்பால் ஓடுகிறவனின் நெஞ்சுக்கு வைப்பது இன்றும் சட்டப்படி சரி.

அவர் பத்திரிகையாளர்களிடம் பேசுவதில்லை என்ற புகாரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஏழு முறை கேப்டனாக, அகில அயர்லாந்துப் பட்டத்துக்கான சாம் மெக்வயர் கோப்பையைத் தூக்கியவர், 2020 டிசம்பரில் கொரோனாவால் காலியாகக் கிடந்த குரோக் பார்க்கில் தூக்கியதும் சேர்த்து; பேட்டி கொடுத்தது விரல்விட்டு எண்ணும் அளவு. சம்பளம் வாங்காத மனிதரிடம் பேட்டி கேட்க என்ன உரிமை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தீர்ப்பு இதுதான். கேலிக் கால்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற இடத்தைக் கிளக்ஸ்டனுக்குத் தரமாட்டேன். அந்த இடம் ஆட்டத்தின் எல்லா மூலைகளிலும் இயங்கியவர்களுக்கு உரியது. ஜாக் ஓ'ஷே மாதிரி ஒரு நடுக்கள வீரர் ஒரே ஆட்டத்தில் செய்யும் வேலைகளின் பட்டியல் எந்தக் கோல்கீப்பருக்கும் எட்டாது. சிறந்த கோல்கீப்பர் என்பதைத் தருவேன், தடுப்பாட்டத்தில் கிளார்க்கைப் பற்றிச் சொன்ன குறிப்போடு. தயக்கமே இல்லாமல் தருவது வேறொன்று: இந்த நூற்றாண்டில் இந்த ஆட்டத்தை மற்ற எவரையும்விட அதிகம் மாற்றிய தனி வீரர் அவர். ஒன்பது பதக்கத்தில் ஐந்து டப்ளினின் மக்கள்தொகைக்கும் பணத்துக்கும் ஃபென்டனுக்கும் போகட்டும். ஒற்றைப் புள்ளியில் வந்த நான்கில் அவருடைய பெயரை எழுதலாம்.